வாக்குக் கொடுத்த வாய்

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. தமிழில் சொன்னால், 'விசுவாசமான, மதிப்புமிக்க பணி'. ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ அமெரிக்கப் படைகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவர், அந்த வேலையாலேயே உயிருக்கு ஆபத்து வந்து, அமெரிக்காவில் குடியேற விசா கேட்டால், தன் பணி விசுவாசமானது என்று நிரூபிக்க வேண்டும். அதை அவர் வாயால் சொன்னால் போதாது. அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஓர் அமெரிக்கக் குடிமகன் கடிதம் எழுதித் தர வேண்டும்.

விசுவாசம் என்ற சொல்லை நான் அதிகம் சந்தித்திருப்பது இரண்டு இடங்களில். ஒன்று, மொழிபெயர்ப்பியல் வகுப்பு. மூலத்துக்கு விசுவாசமாக இருக்கிறதா என்பதுதான் எந்த மொழிபெயர்ப்பைப் பற்றியும் முதலில் எழும் கேள்வி. இன்னொன்று, பெண்களைப் பற்றிய பேச்சு. இந்த இரண்டும் வெகுகாலமாகக் கூட்டாளிகள். 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில், படிக்க அழகாக இருந்த மொழிபெயர்ப்புகளை 'விசுவாசமற்ற அழகிகள்' என்று கேலி பேசினார்கள். லோரி சேம்பர்லென் 1988-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்தப் பேச்சைப் பிரித்துப் போட்டுக் காட்டினார். மூலம் ஆண், மொழிபெயர்ப்பு பெண். மூலம் படைக்கும், மொழிபெயர்ப்பு பின்னால் நடக்கும். ஏதாவது பிசகினால் பழி பின்னால் நடந்தவள் மேல். கற்பு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஒரு போர்க்காலச் சட்டத்தின் நடுவிலும் அதே சொல் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் இந்த விசாக்களைப் பற்றித் தொடர்ந்து படிக்கத் தொடங்கினேன். யாருக்கு விசுவாசம்? அளப்பது யார்? அளந்து முடித்த பிறகு கிடைப்பது என்ன? படிக்கப் படிக்க இன்னொரு கேள்வியும் கூடவே வந்தது: இதில் பெண்கள் எங்கே?

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006 ஜனவரியில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கான ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவாக, ஈராக், ஆப்கான் மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று ஆண்டுக்கு 50 சிறப்புக் குடியேற்ற விசாக்கள் ஒதுக்கப்பட்டன. இரண்டு நாடுகள், இரண்டு போர்கள், மொத்தம் 50. அடுத்து இரண்டு ஆண்டுகளுக்கு அது 500 ஆனது. 2008-இல் ஈராக்கியருக்குத் தனிச் சட்டம் வந்தது: அமெரிக்க அரசுக்காக வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு. 2009-இல் ஆப்கானியருக்கு ஆண்டுக்கு 1,500.

எண் கூடியதே தவிர வழி அகலவில்லை. வேலை பார்த்ததற்குச் சான்று, மேலதிகாரியின் கடிதம், அச்சுறுத்தல் இருப்பதை விவரிக்கும் வாக்குமூலம், தூதரகத் தலைவரின் ஒப்புதல், குடியேற்ற மனு, நேர்காணல், பாதுகாப்புச் சோதனை, மருத்துவச் சோதனை என்று மொத்தம் 14 படிகள். ஒன்பது மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று சட்டமே சொன்னது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இந்தத் தாமதம் நியாயமற்றது என்று 2019-இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2021 தொடக்கத்தில் புதிய அரசு வந்தபோது தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் 17,000-க்கு மேல். 2020 மார்ச்சில் தொடங்கி ஒன்பது மாதங்கள் காபூலில் ஒரு நேர்காணல்கூட நடக்கவில்லை என்று வெளியுறவு அமைச்சர் பிளிங்கனே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்.

இந்தக் காத்திருப்பு வெறும் காத்திருப்பு அல்ல. அந்நியரோடு வேலை செய்பவர் வீட்டுக் கதவில் தாலிபான் இரவோடு இரவாக ஒட்டிவிட்டுப் போகும் எச்சரிக்கைக்கு அங்கே 'ஷப்நாமா' என்று பெயர், இரவுக் கடிதம். ஒரு மொழிபெயர்ப்பாளர் இரண்டு கடிதங்களோடு வாழ்ந்தார். ஒன்று, நீ துரோகி என்று சொல்வது. மற்றொன்று, நீ விசுவாசி என்று சொல்லக் காத்திருப்பது. முதல் கடிதம் கேட்காமலே வந்தது. இரண்டாவதற்காகத்தான் அலைய வேண்டியிருந்தது. படைப்பிரிவுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும். கூட வேலை செய்த அதிகாரியின் முழுப்பெயர்கூடத் தெரியாமல் போனவர்கள் உண்டு. ஒப்பந்த நிறுவனம் நடத்திய பொய் கண்டறியும் சோதனையில் தேறாமல் வேலை போனவர்களின் விண்ணப்பங்கள், விசுவாசம் போதவில்லை என்ற காரணத்தின் கீழ் நிராகரிக்கப்பட்டன. இப்படிக் காத்திருந்தவர்களுக்காக உழைக்கும் 'நோ ஒன் லெஃப்ட் பிஹைண்ட்' என்ற அமைப்பின் கணக்குப்படி, அமெரிக்கரோடு வேலை செய்ததற்காகக் கொல்லப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களும் அவர்கள் குடும்பத்தினரும் 300-க்கு மேல்.

2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபோது எங்கள் கல்லூரி திறக்கவில்லை. முதுகலை மாணவியருக்கு மொழிபெயர்ப்பியல் தாளைக் கைப்பேசி வழியாகத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்தை ஒதுக்கிவிட்டு, அந்த வாரம் வந்த படங்களைப் பற்றிப் பேசினோம். விமான நிலையத்தை ஒட்டிய சாக்கடைக் கால்வாயில் முழங்கால் நனைய நின்று, காகிதங்களை உயரத் தூக்கிப் பிடித்திருந்த கூட்டத்தின் படத்தை ஒருத்தி அனுப்பியிருந்தாள்.

"இவங்க ஏம்மா பேப்பரத் தூக்கிக் காட்றாங்க?"

"மொழிபெயர்ப்பாளரா வேலை பாத்ததுக்கு அத்தாட்சி. அதக் காட்டினாத்தான் உள்ள விடுவாங்க."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தி கேட்டாள். "பேப்பர் வச்சிருக்கறது பெரும்பாலும் ஆம்பளைங்களா இருக்காங்களேம்மா. பக்கத்துல நிக்கற பொம்பளைங்க பேரு அந்தப் பேப்பர்ல இருக்குமா?"

இருக்கும். ஆனால் எப்படி இருக்கும் என்பதுதான் விஷயம். அதைச் சொல்ல எனக்குத் தொல்காப்பியம் கைகொடுத்தது. மரபியலில் நூல்கள் முதல்நூல், வழிநூல் என்று இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. வழிநூல் நான்கு வகை: தொகுத்தல், விரித்தல், இரண்டும் சேர்ந்த தொகைவிரி, மொழிபெயர்ப்பு. அதாவது மொழிபெயர்ப்பு தானாக நிற்காது. ஒரு முதலின் வழியில் வருவது. அமெரிக்க விசாச் சட்டத்திலும் இதே பாகுபாடு இருக்கிறது. வேலை செய்தவர் முதன்மை விண்ணப்பதாரர். அவருடைய துணையும் 21 வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகளும் 'டெரிவேட்டிவ்'. அகராதியைப் புரட்டாமலே என் மாணவியர் அதற்குத் தமிழ் கண்டுபிடித்துவிட்டார்கள்: வழிவந்தவர்.

எழுத்தளவில் அந்தச் சட்டத்துக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை. மொழிபெயர்த்த பெண் முதன்மை விண்ணப்பதாரராகலாம், கணவர் வழிவந்தவராகலாம். நடப்பு வேறு. அந்நியப் படை முகாமில் ஒரு பெண் வேலைக்குப் போக வேண்டுமென்றால், முதலில் அவள் ஆங்கிலம் படித்திருக்க வேண்டும், பிறகு வீடு சம்மதிக்க வேண்டும், பிறகு ஊர் பொறுக்க வேண்டும். இவை எல்லாம் தாண்டி வந்தவர்கள் மிகக் குறைவு. ஆகவே முதன்மை ஆண், வழி பெண் என்பதே கோப்புகளின் இயல்பு ஆனது. வழிவந்தவளாகச் சேர அவளுக்குத் திருமணச் சான்று வேண்டும், அடையாளச் சீட்டு வேண்டும். ஆப்கான் அடையாளச் சீட்டுக்குத் தஸ்கிரா என்று பெயர். அதை எடுக்காமலே வாழ்ந்து முடிக்கும் பெண்கள் ஏராளம். கணவனின் தாய்க்கு, விதவைத் தங்கைக்கு, 21 வயது தாண்டிய மகளுக்கு இந்த விசாவில் இடமே இல்லை. இரவுக் கடிதம் ஒட்டப்படுவது வீட்டுக் கதவில். அந்தக் கதவுக்குப் பின்னால் அவர்களும்தான் இருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளரை ஏன் இவ்வளவு தேடிப்பிடித்து மிரட்டுகிறார்கள்? அவரிடம் துப்பாக்கி இல்லை, பெரும்பாலும். உத்தரவு அவருடையது இல்லை. இதற்கான விடையைப் புத்தகத்திலிருந்து நான் தெரிந்துகொள்ளவில்லை.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்தில், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் சில வாரங்கள் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு நிவாரணக் குழுவுக்கு ஆங்கிலமும் தமிழும் பேசத் தெரிந்த பெண் தேவைப்பட்டாள். தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பில், கூடை தூக்கி மீன் விற்கும் பெண்களோடு அந்தக் குழுவினர் பேசினார்கள். படகும் வலையும் ஆண்களின் பெயரில் நிவாரணமாக வந்துகொண்டிருந்தன. தலைச்சுமையாக விற்றவளின் முதல் போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. குழுவின் தலைவி நல்ல மனுஷி. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "ஆறு மாதத்தில் திரும்பி வருவோம், மீன் விற்கக் கொட்டகை போட்டுத் தருவோம், ஐஸ் பெட்டி வாங்கக் கடன் தருவோம்" என்றார். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, 'அவர் வருவார்' என்று சொல்லாமல் 'நாங்கள் வருவோம்' என்று தன்மையில் சொன்னேன்.

அவர்கள் வரவில்லை. திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஓராண்டு கழித்து ஆய்வுக்காக அந்தப் பக்கம் போனபோது ஒரு அக்கா என்னைக் கண்டுகொண்டார்.

"நீதான பாப்பா சொன்ன, ஆறு மாசத்துல வருவோம்னு?"

"அந்த அம்மா சொன்னதத்தான்க்கா நான் தமிழ்ல சொன்னேன்."

"அந்தம்மா பேசுனது எனக்கு என்னத்த வெளங்குச்சு? எனக்கு வெளங்குனது ஓம் பேச்சுதான்."

அவர் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். ஆனால் மொழிபெயர்ப்புக் கோட்பாடு எதுவும் அந்த ஒரு வாக்கியம் அளவுக்கு எனக்குக் கற்றுத் தரவில்லை. கேட்பவருக்கு வாக்கு என்பது குரல். புரிந்த மொழியில் யார் குரல் வந்ததோ அவர்தான் வாக்குக் கொடுத்தவர். கொடுக்கச் சொன்னவர் விமானம் ஏறிவிடுவார், கொடுத்த வாய் ஊரில் இருக்கும். அன்று எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. பேருந்து ஏறி வீட்டுக்கு வந்தேன். ஹெல்மந்திலும் கந்தஹாரிலும் அந்தக் குரல், 'கதவைத் திற' என்றது. 'கையைத் தூக்கு' என்றது. 'உங்களைப் பாதுகாப்போம், நாங்கள் இங்கேதான் இருப்போம்' என்றது. பத்து வருடம் கழித்து அந்த வாக்கியத்துக்கெல்லாம் பதில் சொல்ல ஊரில் மிச்சம் இருந்தவர் மொழிபெயர்ப்பாளர் மட்டுமே.

மெக்சிகோவின் வரலாற்றில் இதற்கு மிகப் பழைய சாட்சி ஒருத்தி இருக்கிறாள். 1519-இல் ஸ்பானியத் தளபதி கோர்த்தெஸிடம் அடிமைகளாகக் கொடுக்கப்பட்ட 20 பெண்களில் ஒருத்தி, மலின்ட்சின். நவாட்டலும் மாயாவும் தெரிந்தவள். பேரரசன் மொக்தெசூமாவோடு கோர்த்தெஸ் பேசியது அவள் வாய் வழியாக. அந்த மக்கள் கோர்த்தெஸையே 'மலின்சே' என்று அழைத்தார்கள் என்று அவரோடு இருந்த படைவீரர் ஒருவர் எழுதியிருக்கிறார். குரல் அவளுடையது என்பதால் அவனுக்கும் அவள் பெயர்! பிற்காலத்தில் அந்தப் பெயர் துரோகத்துக்கு மறுபெயர் ஆனது. சொந்த நாட்டை இகழ்ந்து அந்நியத்தை மெச்சுபவரை மெக்சிகோவில் இன்றும் 'மலின்சிஸ்தா' என்கிறார்கள். படையெடுத்து வந்தவன் வெற்றியாளன். அடிமையாகக் கைமாற்றப்பட்டு, தனக்குத் தெரிந்த மொழிகளால் உயிர் பிழைத்தவள் துரோகி. இந்தக் கணக்கைத் திருப்பிப் படித்தவர்கள் 20ஆம் நூற்றாண்டின் மெக்சிகப் பெண்ணிய எழுத்தாளர்கள்.

இருபத்தோராம் நூற்றாண்டுக்கு வருவோம். ஆப்கான் போர் பெண்களின் பெயரால் நியாயப்படுத்தப்பட்ட போர். 2001 நவம்பரில் அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் வானொலியில் பேசியபோது, பயங்கரவாதத்துக்கு எதிரான போர் பெண்களின் உரிமைக்கும் கண்ணியத்துக்குமான போரும்கூட என்றார். இஸ்லாமியப் பெண்களை உண்மையில் யாராவது வந்து காப்பாற்ற வேண்டுமா என்று மானுடவியலாளர் லைலா அபு-லுகோட் 2002-இல் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியை இந்த விசாச் சட்டத்தின் முன்னால் வைத்துப் பார்க்கிறேன்.

படையினர் ஆண்கள். ஆப்கான் வீடுகளுக்குள் இருக்கும் பெண்களிடம் அவர்கள் பேச முடியாது, சோதனை போட முடியாது. ஆகவே 2009 முதல் அமெரிக்க மரைன் படை பெண் குழுக்களை அனுப்பியது. 2011 முதல் சிறப்புப் படைகளின் இரவுச் சோதனைகளில் பெண் வீரர்கள் கூடப் போனார்கள். அவர்களுக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். உள்ளூரில் கிடைப்பது அரிது என்பதால் பலரும் அமெரிக்காவில் வளர்ந்த ஆப்கான் வம்சாவளிப் பெண்கள். கூடவே ஆப்கான் இராணுவத்தில் பெண்களைக் கொண்ட ஒரு சிறப்புப் பிரிவு உருவாக்கப்பட்டது. அதன் பெயர் பெண்கள் தந்திரோபாயப் பிரிவு. நள்ளிரவில் சோதனைக்கு உள்ளாகும் வீட்டின் பெண்களையும் குழந்தைகளையும் தனியே கூட்டி உட்கார வைத்து, பயத்தைத் தணித்து, கேள்வி கேட்டு, பதிலை வாங்கிச் சொன்னவர்கள் இவர்கள். வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு விளங்கிய குரல் இவர்களுடையது.

ஆனால் இவர்கள் ஆப்கான் இராணுவத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். அமெரிக்க அரசுக்கு வேலை செய்தவர்கள் என்ற வரையறைக்குள் வரவில்லை. அமெரிக்கப் படையோடு ஒரே ஹெலிகாப்டரில் ஏறியும் சிறப்பு விசாவுக்குத் தகுதி இல்லை. காபூல் விழுந்தபோது, உடன் வேலை செய்த அமெரிக்கப் பெண் வீரர்கள் தொலைபேசி வழியாகவே வழிகாட்டி, சுமார் 40 பேரை வெளியே கொண்டுவந்தார்கள். அமெரிக்கா வந்து சேர்ந்த அவர்களுக்குக் கிடைத்தது மனிதாபிமான அடிப்படையில் இரண்டு ஆண்டுத் தற்காலிக அனுமதி. இவர்களையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு மசோதா 2022 ஆகஸ்டில் முன்வைக்கப்பட்டது, நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் வந்தது, அப்போதும் இல்லை. பெண்களின் பெயரால் நடந்த போரில், முன்வரிசையில் நின்ற பெண்களுக்கு முதல்நூலிலும் இடமில்லை, வழிநூலிலும் இடமில்லை.

பெயர் என்று சொன்னதும் இன்னொன்று. அமெரிக்க வீரர்கள் தங்கள் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மைக், ஜானி என்று கூப்பிட எளிதான பெயர் வைத்துக்கொண்டார்கள். உண்மைப் பெயர் வெளியே தெரியாமலிருப்பது பாதுகாப்பும்கூட. அதே நாட்டில் பெண்ணின் பெயரை வெளியில் சொல்வது மானக்கேடு. திருமண அழைப்பிதழில் மணமகள் பெயர் இருக்காது, கல்லறையில் இறந்தவள் பெயர் இருக்காது. 2017-இல் ஆப்கான் பெண்கள் 'என் பெயர் எங்கே' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். தந்தை பெயர் மட்டுமே இருந்த தஸ்கிராவில் தாயின் பெயரையும் சேர்க்க 2020 செப்டம்பரில்தான் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த ஆகஸ்டில் அரசே போய்விட்டது. ஆண் உயிருக்குப் பயந்து பெயரை மறைத்தான். பெண்ணின் பெயரை அவளைக் கேட்காமலே மற்றவர்கள் மறைத்தார்கள். விசாப் படிவமோ இருவரிடமும், சான்றோடு பெயரைக் கொடு என்கிறது. கொடுத்த பெயரும் பத்திரமாக இல்லை. பிரிட்டனில் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்த ஏறக்குறைய 19,000 ஆப்கானியரின் விவரங்கள் 2022-இல் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து கசிந்தன. நீதிமன்றத் தடை நீங்கி அது வெளியுலகுக்குத் தெரிந்தது 2025 ஜூலையில்.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் பேசியபோது, நான் மதிக்கும் தோழி ஒருவர் எழுந்து கேட்டார். "ஆக்கிரமிப்புப் படைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நாம் ஏன் இரங்க வேண்டும்? நம்ம ஊர் துபாஷிகள் மாதிரிதானே இவர்களும்?" நியாயமான கேள்வி. இரவுச் சோதனைகளில் உடைந்த கதவுகளுக்குப் பின்னால் இருந்த பெண்களை நானும் மறக்கவில்லை. அந்தப் போரை ஒருநாளும் நான் ஆதரித்ததில்லை.

ஆனால் துபாஷி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷி, பெருவணிகர், தன் மாளிகையில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் நாட்குறிப்பு எழுதியவர். அதிகாரத்தில் அவருக்குப் பங்கு இருந்தது. ஆப்கான் மொழிபெயர்ப்பாளர்களில் பலர் பள்ளியிலும் தனிவகுப்பிலும் கற்ற ஆங்கிலத்தை விற்று, மாதச் சம்பளத்துக்குக் குடும்பம் நடத்திய இளைஞர்கள். வேலை வேறு இல்லாத ஊரில் படை ஒன்றுதான் முதலாளி. போரைத் தொடங்கியவர்கள் நினைவுக் குறிப்புகள் எழுதி விற்கிறார்கள். போரின் பாவத்தைக் கூலிக்காரர் தலையில் கட்டுவது மலின்ட்சினுக்குச் செய்ததன் தொடர்ச்சி. அவர்கள் புனிதர்கள் என்று நான் வாதாடவில்லை. வேலை வாங்கியவர் கூலியைக் கொடுக்க வேண்டும் என்கிறேன். உயிராபத்து அந்த வேலையின் ஒரு பகுதி என்றால், பாதுகாப்பான இடம் அந்தக் கூலியின் ஒரு பகுதி. அதைக் கருணை என்றோ பரிசு என்றோ அழைக்கும்போது, கொடுக்க வேண்டிய கட்டாயம் நைசாக நழுவிப் போகிறது. வீட்டு வேலைக்குச் சம்பளம் கேட்டால் 'அன்பு' என்று பதில் வருகிறதே, அதே தந்திரம்.

2021-க்குப் பிறகு காபூலில் அமெரிக்கத் தூதரகம் இல்லை. நேர்காணலுக்கு வேறு நாட்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் தாலிபான் உத்தரவு வந்தது: 72 கிலோமீட்டருக்கு மேல் போகும் பெண்ணோடு நெருங்கிய ஆண் உறவினர் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கொல்லப்பட்டால் அவர் மனைவி விண்ணப்பத்தைத் தொடரச் சட்டத்தில் வழி இருக்கிறது. கூட வர ஆண் இல்லாததாலேயே அவள் விதவை. ஆண் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. இரண்டு அரசுகள், இரண்டு விதிகள், நடுவில் அவள்.

2024-இல் மேலும் 12,000 விசாக்கள் சேர்க்கப்பட்டன. ஒப்புதலுக்கு விண்ணப்பிக்க 2025 டிசம்பர் 31 கடைசி நாள் என்று குறிக்கப்பட்டது. அந்த நாள் வருவதற்கு முன்பே வழி அடைபடத் தொடங்கியது. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவி நிதி முடக்கப்பட்டு, விசா கையில் இருந்தவர்களுக்குக்கூட அரசு ஏற்பாடு செய்த விமானங்கள் நின்றன. நவம்பர் இறுதியில் வாஷிங்டனில் தேசியக் காவல் படையினர் இருவர் சுடப்பட்டு, ஆப்கானியர் ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டதும், ஆப்கான் கடவுச்சீட்டு வைத்திருப்போர் அனைவருக்கும் விசா வழங்குவது நிறுத்தப்பட்டது. ஒருவர்மீது எழுந்த குற்றச்சாட்டுக்கு ஒரு நாடே விசுவாசமற்றதாகிவிட்டது.

என்ன செய்திருக்க வேண்டும் என்பது ஒன்றும் இரகசியம் இல்லை. யார் சம்பளம் கொடுத்தார் என்று பார்க்காமல், யாருக்காக வேலை நடந்தது என்று பார்த்திருந்தால் அந்தப் பெண்கள் பிரிவு உள்ளே வந்திருக்கும். மேலதிகாரியின் கடிதத்தோடு, கூட இருந்த பெண்களின் சாட்சியத்தையும் ஏற்றிருக்கலாம். ஒரே அடுப்பில் உண்பவர்கள் குடும்பம் என்று கொண்டிருந்தால் மாமியாரும் மூத்த மகளும் விடுபட்டிருக்க மாட்டார்கள். விதவையை எல்லை தாண்டச் சொல்லாமல் இணையவழியாக நேர்காணல் செய்திருக்கலாம். எங்கள் கல்லூரி ஒரு பெருந்தொற்றின் நடுவில் இரண்டு வாரத்தில் செய்த ஏற்பாடு அது.

இப்போது மொழிபெயர்ப்பியல் தாளில், வாய்மொழிபெயர்ப்புக்கென்று நான்கு வகுப்புகள் ஒதுக்கியிருக்கிறேன். படைத்தளபதியோ நிவாரணக் குழுவோ நிறுவன முதலாளியோ அமைச்சரோ, மொழிபெயர்ப்பாளரோடு ஓர் ஊருக்கு வந்து பேசும் காட்சியை எந்தத் திரையில் பார்த்தாலும், பேசுபவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கும்படி மாணவியரிடம் சொல்கிறேன். அவருடைய பெயர் என்ன? சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? அவர் சொல்லும் வாக்கு பொய்த்தால் ஊர் யாரைத் தேடி வரும்? வந்தவர்கள் கிளம்பும் நாளில் அவருக்கும் அவர் வீட்டுப் பெண்களுக்கும் வண்டியில் இடம் உண்டா? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் தேடி, செய்தித்தாளும் சட்டமும் புரட்டி, ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். போன பருவத்தில் வந்த தாள்களில் பலவற்றில் முதல் கேள்விக்கே பதில் காலியாக இருந்தது. தேடியும் கிடைக்கவில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். அதற்கும் மதிப்பெண் போட்டேன்.